உதடு மரத்துப்போனால் தாடையைப் பாருங்கள்

தாடை எலும்பு பற்றி சேலம், ஏற்காடு வாசகர்கள் கேட்டவையும் பல் மருத்துவக் குழுவின் பதில்களும்.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, தறி ஓட்டுகிறார். பதினைந்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. கீழ்த்தாடை ஓரத்தில் தோலில் கட்டி வந்து, உடைந்து, சீழ் வடிந்து காய்கிறது. ஐந்து மாதத்தில் மூன்று தடவை. மஞ்சள் பற்றுப் போட்டோம், மருந்துக்கடையில் ஐந்து நாள் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். இப்போது கீழுதட்டில் பாதி மரத்திருக்கிறது என்கிறார். தோல் டாக்டரிடம் காட்டலாமா?
– வாசகர், தாரமங்கலம்

பதில்: முதலில் பல் டாக்டரிடம் காட்டுங்கள். தாடையில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உடைகிற கட்டிக்கு மூலம் பெரும்பாலும் பல்லில்தான் இருக்கும். சொத்தைப் பல்லின் வேர்நுனியில் சேர்ந்த சீழ் எலும்பைத் துளைத்து, தோலில் வாய் திறக்கிறது. புரையோடுவது என்று சொல்வது இதைத்தான். வெறும் பல் புரையாக இருந்தால் பல்லைப் பிடுங்கினாலோ, ரூட் கேனால் செய்தாலோ சில வாரத்தில் துளை தானே மூடிக்கொள்ளும்.

உங்கள் கடிதத்தில் எங்களை உறுத்துவது கடைசியில் சொன்ன உதடு. கீழுதட்டுக்கு உணர்வு தருகிற நரம்பு, கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே ஒரு குழாயில் ஓடுகிறது. உதடு மரத்தால் நோய் அந்தக் குழாயைத் தொட்டுவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். எலும்பே சீழ்பிடிக்கும் ஆஸ்டியோமைலைடிஸ் இப்படி வரும். மேல்தாடை மெல்லியது, ரத்தக்குழாய்கள் பல பக்கமிருந்து வருகின்றன. கீழ்த்தாடை கெட்டியான எலும்பு, உள்ளே ரத்தம் பெரும்பாலும் ஒரே தமனி வழியாகத்தான். ரத்தம் குறைவான இடத்தில் கிருமி ஊன்றினால் கிளப்புவது கஷ்டம், அதோடு கட்டுக்கடங்காத சர்க்கரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இரண்டு தாடையும் ஒரே படத்தில் தெரிகிற ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். தாதுப்பில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் எலும்பின் சேதம் தெரியும். அதனால் முதல் இரண்டு வாரம் படம் சுத்தமாகவே இருக்கலாம். அப்பாவுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது, தெரியும். தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேனும் எடுப்பார்கள். சீழைத் தோல்மேலிருந்து துடைத்து அனுப்பினால் தோல் கிருமிதான் வளரும். ஊசியால் ஆழத்திலிருந்து உறிஞ்சி, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று வளர்த்துப் பார்க்கிற கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். எலும்புத் துணுக்கு ஒன்றைப் பயாப்சிக்கும் அனுப்பச் சொல்லுங்கள். புற்றுநோயும் காசநோயும் இதே வேடத்தில் வருவதுண்டு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

ஐந்து நாள் மாத்திரை ஏன் கேட்கவில்லை என்றால், செத்த எலும்புக்குள் ரத்தம் போவதில்லை. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. சுற்றியுள்ள சதையில் சீழ் காய்கிறது, உள்ளே கிருமி பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. அதனால் மூலப்பல்லை எடுத்து, செத்த துண்டை அகற்றி, புது ரத்தம் கசிகிற எலும்பு தெரியும்வரை சுரண்டுவார்கள். பிறகு கல்ச்சர் சொன்ன மருந்து நான்கு முதல் ஆறு வாரம், சில சமயம் அதற்கு மேலும். இரண்டாம் வாரத்தில் வீக்கம் வடிந்ததும் மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் மறுபடி வந்து நிற்கிறார்கள். சுரண்டிய தாடை மெலிந்திருக்கும், முறுக்கும் தட்டுவடையும் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம். வெளியே சூடான ஒத்தடமும் வேண்டாம், சீழைத் தோல் பக்கமே இழுக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. எலும்புத் தேய்மானத்துக்கு வருடத்துக்கு ஒரு தடவை டிரிப்ஸில் மருந்து ஏற்றுகிறார்கள், மூன்று தடவை ஆகிவிட்டது. கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கி ஆறு வாரமாகியும் குழி ஆறவில்லை. உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிகிறது, நாக்குப் பட்டால் சொரசொரக்கிறது.
– வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: அந்த மருந்து சோலெட்ரானிக் அமிலம் 5 மி.கி.யாக இருக்க வேண்டும். எலும்பு ஓயாமல் கரைந்து, ஓயாமல் புதிதாகக் கட்டப்படுகிறது. கரைக்கிற செல்களை இந்த மருந்து முடக்குகிறது. முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் அது நல்லது. தாடைக்கோ பல் பிடுங்கிய குழியைச் சுத்தம் செய்து ஆற்ற அந்தச் செல்கள்தான் வேண்டும். மேலே மெல்லிய ஈறு, வாய் நிறையக் கிருமி, ஆகவே எலும்பு வெளியே தெரிந்து செத்துப்போகிறது. கதிர்வீச்சு பெறாத ஒருவருக்கு இப்படி எட்டு வாரத்துக்கு மேல் எலும்பு தெரிந்தால் மருந்தால் வந்த தாடை எலும்புச் சிதைவு என்று பெயர் வைப்பார்கள். பெயர் வைக்கிற நாள்வரை காத்திருக்காமல் இப்போதே காட்டுங்கள்.

பயம் வேண்டாம். எலும்புத் தேய்மானத்துக்காக இதை எடுப்பவர்களில் பத்தாயிரத்துக்கு ஐந்து பேருக்குள்தான் இப்படி வருகிறது. புற்றுநோய்க்காக மாதாமாதம் 4 மி.கி. ஏற்றிக்கொள்பவர்களுக்குத்தான் ஆபத்து பல மடங்கு. ஆரம்பத்தில் கத்தி தேவைப்படாது. குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம், 10 மி.லி., ஒரு நிமிடம், நாளைக்கு இரண்டு வேளை கொப்பளிக்கச் சொல்வார்கள். பல் துலக்கிய கையோடு கொப்பளித்தால் பற்பசை அதன் வீரியத்தைக் குறைத்துவிடும், அரை மணி விட்டுச் செய்யுங்கள். சீழ் இருந்தால் ஆன்டிபயாடிக், நாக்கைக் குத்துகிற முனையை மட்டும் ராவிவிடுவார்கள். பரவினால்தான் அறுவை.

அடுத்த தவணையைப் பற்றி எலும்பு டாக்டரிடம் கேட்டே முடிவெடுங்கள். சோலெட்ரானிக் அமிலம் எலும்பில் வருடக்கணக்கில் தங்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலடியில் போடும் டெனோசுமாப் ஊசியாக இருந்தால், தானாகத் தள்ளிப்போடுவது முதுகெலும்பு நொறுங்கும் அபாயத்தைத் தரும்.

இது புது நோய் என்றும் சொல்ல முடியாது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தீப்பெட்டித் தொழிலாளர்களுக்கு வெள்ளைப் பாஸ்பரஸ் புகையால் தாடை அழுகியது. 1906இல் பெர்ன் ஒப்பந்தம் அந்தப் பாஸ்பரஸைத் தீப்பெட்டியிலிருந்து விலக்கியது. சோலெட்ரானிக் அமிலத்தின் கட்டமைப்பிலும் பாஸ்பரஸ் உண்டு.

கேள்வி: வயது 24. வலது தாடையில் இரண்டு வருடமாக வீக்கம், வலியே இல்லை. இப்போது சொத்தையில்லாத கடைவாய்ப் பற்கள் இரண்டு ஆடுகின்றன. அமெலோபிளாஸ்டோமா என்று சொல்லி, தாடையில் ஒரு பகுதியை வெட்ட வேண்டும் என்கிறார்கள். சுரண்டி எடுத்தால் போதும் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?
– வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: பயாப்சி அறிக்கையை நம்புங்கள். இது பெரும்பாலும் உடலில் வேறெங்கும் பரவாத கட்டி. ஆனால் இருக்கிற இடத்தில் விரல்விட்டு, எக்ஸ்ரேயில் தெரிகிற எல்லையைத் தாண்டி மஜ்ஜைக்குள் ஊடுருவும். சோப்பு நுரைபோலப் பல அறைகளாகத் தெரிகிற வழக்கமான வகையைச் சுரண்டினால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்பி வருகிறது. அதனால்தான் சுற்றிலும் ஒன்றிலிருந்து இரண்டு செ.மீ. நல்ல எலும்போடு வெட்டுகிறார்கள். ஒற்றை அறை வகையில் சிலருக்கு மட்டும் சிறிய சிகிச்சை போதும். உங்களுக்கு எந்த வகை என்று கேளுங்கள்.

வெட்டிய இடத்தில் கீழ்க்காலின் வெளிப்புற மெல்லிய எலும்பை ரத்தக்குழாயோடு எடுத்து வைத்துத் தைப்பார்கள். உடல் பாரத்தைத் தாங்குவது பக்கத்துப் பெரிய எலும்பு, நடைக்குப் பெரிய குறை வராது. பிறகு அதிலேயே இம்பிளான்ட் பல் கட்டலாம். பத்து வருடம் கழித்தும் திரும்புகிற கட்டி இது, வருடா வருடம் ஓ.பி.ஜி. எடுக்கத் தவறாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள்.

கேள்வி: ஆறு வயதுப் பையனுக்குக் கன்னம் வீங்கியிருக்கிறது. பொன்னுக்கு வீங்கியா, எலும்பா?
– வாசகி, வாழப்பாடி

பதில்: அழுத்திப் பாருங்கள். பொன்னுக்கு வீங்கி காதுமடலுக்குக் கீழே மெதுமெதுவென்று வீங்கும், மடலைத் தூக்கும், காய்ச்சலும் வலியும் இருக்கும், பத்து நாளில் வடிந்துவிடும். கல்போலக் கெட்டியாக, வலியில்லாமல், மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்தால் எலும்பு. எலும்பு நார்த்திசுவாக மாறும் வகை பருவ வயது தாண்டினால் பெரும்பாலும் அடங்கும், அவசரப்பட்டு வெட்டுவதில்லை.

கேள்வி: எங்கள் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம். பற்கள் பழுப்பாகிவிட்டன. தாடை வீக்கமும் அதனால்தானா?
– வாசகர், ஓமலூர்

பதில்: பற்கறை அதனால் இருக்கலாம். லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல் புளோரைடு இருந்தால் குடிக்க வேறு தண்ணீர் தேடுங்கள். எலும்பைப் பாதித்தால் கழுத்தும் முதுகும் மூட்டும் விறைக்கும். ஒரு பக்கத் தாடை வீக்கத்துக்குத் தண்ணீரைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் எக்ஸ்ரே எடுங்கள்.

கேள்வி: எஸ்டேட் லைனில் இருக்கிறோம். பல்வலியோடு இரவில் தாடை வீங்கினால் காலைவரை பொறுக்கலாமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: வீக்கம் கன்னத்தோடு நின்று, வாய் திறந்து தண்ணீர் விழுங்க முடிந்தால் பொறுக்கலாம். நாக்கு மேலே தூக்கி, தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் பலகைபோல இறுகி, எச்சில் வழிந்து, குரல் மாறினால் பொறுக்கக் கூடாது, மூச்சுக்குழல் அடைபடும். உடனே 108ஐ அழையுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி முடிகிறவரை நோயாளி உட்கார்ந்தே வரட்டும். மல்லாக்கப் படுக்கவைத்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும்.