முதல் ரேஸில் 9-வது கிலோமீட்டரிலேயே கழன்றவனிடம் கேளுங்கள்: ரோடு ரேஸ் கேள்வி பதில்

முதலில் என்னைப் பற்றி ரெண்டு வரி. சென்னையில் வங்கி வேலை, வயது 42. 34-ல்தான் ரேஸ் சைக்கிளில் ஏறினேன். இதுவரை முப்பது சொச்சம் ரேஸ், மேடை ஏறியது ரெண்டே தடவை, அதில் ஒன்று 40 வயதுக்கு மேற்பட்டோர் பிரிவு. அதனால் சாம்பியன் பேசுகிறார் என்று நினைத்துக் கேட்காதீர்கள். நிறைய தடவை தோற்றவனுக்கு எங்கே தோற்றோம் என்பது துல்லியமாகத் தெரியும், அந்தத் தகுதியில்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி (வேளச்சேரி, 29 வயது): அண்ணா, தனியாவே ஈசிஆரில் மாமல்லபுரம் போய்த் திரும்புறேன், சராசரி மணிக்கு 30 கி.மீ. வருது. 60 கி.மீ. ஓப்பன் ரேஸுக்குப் பேர் கொடுக்கலாமா? தாக்குப் பிடிப்பேனா?

பேர் கொடுங்க தம்பி. தாக்குப் பிடிப்பீங்களா என்றால், பெரும்பாலும் மாட்டீங்க. நானும் இதே சராசரியோடு, இதே நம்பிக்கையோடுதான் முதல் ரேஸுக்குப் போனேன்.

கொடி அசைந்ததும் கூட்டம் 40-ல் கிளம்பியது. எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, அட இவ்வளவுதானா என்றுகூடத் தோன்றியது. காரணம் நான் முப்பது பேருக்குப் பின்னால் இருந்தேன். ஒரு திருப்பத்தில் எல்லாரும் மெதுவாகி மறுபடி வேகம் எடுத்தார்கள், முன் சைக்கிளின் பின்சக்கரத்துக்கும் எனக்கும் ஒரு முழம் இடைவெளி விழுந்தது. எட்டிப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு நொடி மூச்சு வாங்கினேன். முழம் ஒரு சைக்கிள் நீளமானது, அது மூணானது. அதுவரை காதை நிறைத்துக்கொண்டிருந்த செயின் இரைச்சல் திடீரென்று அடங்கி, வெறும் காற்றுச் சத்தம் மட்டும். நிமிர்ந்து பார்த்தால் கூட்டம் ஐம்பது மீட்டர் தள்ளி. சைக்கிள் மீட்டரில் 9.2 கி.மீ. மிச்சம் 51-ஐயும் தனியாக ஓட்டி முடித்தேன். நான் வந்து சேர்ந்தபோது பரிசு மேடைக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரேஸ் என்பது காற்று விஷயம், கால் அதற்கு அப்புறம்தான். வேகம் ஏற ஏற காற்றைக் கிழிக்க வேண்டிய சக்தி மும்மடியில் (வேகம் x வேகம் x வேகம்) ஏறும். 30-லிருந்து 40-க்குப் போனால், காற்றுக்கு மட்டும் கிட்டத்தட்ட 2.4 மடங்கு. ஒருத்தர் சக்கரத்தை ஒட்டிப் போனால் உங்களுக்குச் சுமார் மூணில் ஒரு பங்கு சக்தி மிச்சமாகும், கூட்டத்தின் நடுவில் அதைவிடவும் மிச்சம். தனியாக 30 ஓட்டுகிறவரால் கூட்டத்தில் 40 ஓட்ட முடியும், ஆனால் அந்த ஒரு முழத்தை விடாமல் இருக்கத் தெரிந்தால்தான். தனியாக ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் அது வராது. வாரம் ஒரு நாளாவது உங்களைவிட வேகமானவர்களோடு ஓட்டுங்க, கடைசி ஆளாகத் தொங்கிக்கொண்டாவது போங்க.

ஈசிஆர் என்பதால் இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடிக்கும்போது மாமல்லபுரம் போகும் வழியெல்லாம் முதுகைத் தள்ளும், நாம் ஏதோ பெரிய ஆள் ஆகிவிட்டதாகத் தோன்றும். திரும்பும்போது கோவளத்திலேயே உண்மை தெரிந்துவிடும். ஆடியில் கதை வேறு, மேல்காற்று பக்கவாட்டில் அடிக்கும். தெற்கே போகும்போது காற்று வலப்பக்கம், அதனால் ஒளிந்துகொள்ளும் இடம் முன்னவருக்கு இடப்பக்கமாகச் சற்றுப் பின்னால். அப்படிச் சாய்கோடாக நாலு பேர் நின்றால் சாலை முடிந்துவிடும். ஐந்தாவது ஆள் வெள்ளைக் கோட்டில் மணலை அரைத்துக்கொண்டு, மறைப்பே இல்லாமல் கதற வேண்டியதுதான். அம்மி பறக்கும் மாதத்தில் முதல் நாலு பேருக்குள் இருங்க.

கேள்வி (சேலம், கல்லூரி மாணவர்): நான் ஏற்காடு மலை ஓட்டுறேன். என் சைக்கிள் 9.5 கிலோ. 8.5 கிலோ சைக்கிள் வாங்க 40 ஆயிரம் கூடுதல் ஆகும். வாங்கலாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்க, சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 80 கிலோ என்று வையுங்க. ஒரு கிலோ குறைந்தால் எண்பதில் ஒன்று. அடிவாரத்திலிருந்து ஏரி வரை உங்களுக்கு 70 நிமிடம் ஆகிறது என்றால் மிச்சமாவது ஐம்பது நொடி, அவ்வளவுதான். சமதளத்தில் அதுவும் கிடையாது. சர்வதேச சைக்கிள் அமைப்பான யுசிஐ விதிப்படி 6.8 கிலோவுக்குக் கீழே சைக்கிள் இருக்கவே கூடாது, தொழில்முறை ஆட்களுக்கே அதுதான் எல்லை.

அந்தக் காசில் நல்ல டயர் ரெண்டு, அளவான சட்டை ஒன்று வாங்குங்க. காற்றில் படபடக்கும் லூசான டி-ஷர்ட் சமதளத்தில் உங்களுக்குத் தெரியாமல் தின்னும் சக்தி அந்த ஒரு கிலோவைவிட அதிகம். டயரில் 120 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று அடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுடுங்க, நம் ரோட்டுக்கு அது துள்ளும். என் எடை 70, 28 மி.மீ. டயரில் 75 வைக்கிறேன். வாசலிலேயே இருபது கொண்டை ஊசி வளைவோடு ஒரு மலை இருக்கிறது, எங்களுக்கு முட்டுக்காடு பாலம்தான் மலை. கொடுத்து வைத்தவர் நீங்க.

கேள்வி (மதுரை): சார், 70 கி.மீ. தாண்டினால் தொடை பிடிச்சுக்குது, சில சமயம் கண்ணே இருட்டிட்டு வருது. உப்புக் குறைவா?

ரெண்டும் வேறு வேறு பிரச்சினை. கண் இருட்டுவது பெரும்பாலும் பசி. உடம்பில் இருப்பு இருக்கும் மாவுச்சத்து இழுத்து ஓட்டினால் ரெண்டு மணி நேரம் தாண்டுவதே கஷ்டம். பசித்த பிறகு சாப்பிட்டால் அன்றைக்கு அது உதவாது. முதல் அரை மணியிலேயே தொடங்கி, மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகணும். வயிறு பழகினால் 90 வரைகூட ஏத்தலாம். ஒரு நடுத்தர வாழைப்பழம் 25 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்க.

நான் வீட்டிலேயே கலக்குகிறேன்: 750 மில்லி பாட்டிலில் 45 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூனுக்குச் சற்று மேல் உப்பு, அரை மூடி எலுமிச்சை. கடையில் விற்கும் விலை உயர்ந்த பொடிகளில் பெரும்பாலும் இதுதான் வாசனை போட்டு வருகிறது. பையில் பேரீச்சம்பழம், கொட்டை எடுத்து. கடலை மிட்டாய் எனக்கு உயிர், ஆனால் ரேஸில் வேண்டாம். ஒருமுறை மேட்டில் மென்றுகொண்டிருந்தபோது முன்னால் ஒருத்தர் பிய்த்துக்கொண்டு கிளம்பினார், வாயை மூடி மெல்வதா திறந்து மூச்சு விடுவதா என்று முடிவு செய்வதற்குள் ஆள் வளைவைத் தாண்டிவிட்டார். காலை உணவு ரேஸுக்கு மூணு மணி நேரம் முன்னால் நாலு இட்லி, சர்க்கரை தொட்டு. சாம்பார் வேண்டாம், ஏன் என்று கேட்காதீங்க.

தொடை பிடிப்புக்கு உப்பைத்தான் எல்லாரும் சொல்வார்கள். என் விஷயத்தில் அது பாதிகூட இல்லை. பயிற்சியில் 28-ல் போய்விட்டு ரேஸ் அன்றைக்கு 38-ல் போனால், எவ்வளவு உப்பு நக்கினாலும் பிடிக்கும். ஆனால் தண்ணீர்க் கணக்கு அவசியம். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்க, குறையும் ஒவ்வொரு கிலோவும் சுமார் ஒரு லிட்டர் வியர்வை. மே மாதத்தில் ரெண்டு பாட்டில் குடித்தும் ரெண்டு மணி நேரத்தில் எனக்கு 2 கிலோ குறைந்திருக்கிறது.

கேள்வி (திருச்சி, ஆசிரியை): வேலை, வீடு, பிள்ளைகள். வாரம் எட்டு மணி நேரம்தான் கிடைக்கும். பவர் மீட்டர் வாங்கணுமா, கோச் வேணுமா?

எட்டு மணி நேரம் போதும் மேடம், எனக்கும் அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை 20 நிமிடம் ரெண்டு தடவை, பேச முடியாத அளவுக்கு, ஆனால் உடையாத வேகத்தில். வியாழக்கிழமை 4 நிமிடம் ஐந்து தடவை, நாலாவது தடவையில் இதை ஏன்டா ஆரம்பித்தோம் என்று தோன்றணும். ஞாயிறு காலை நாலரைக்குக் கிளம்பி நீண்ட ஓட்டம். நடுவில் ஒரு நாள் சும்மா உருட்டுவது. எல்லா நாளும் அரைகுறை வேகத்தில் ஓட்டுவதுதான் நம் ஆட்கள் செய்யும் பெரிய தப்பு. நான் ரெண்டு வருடம் அப்படி ஓட்டி, ஒரு அங்குலம்கூட முன்னேறவில்லை.

பவர் மீட்டர், அதாவது மிதிக்கும் சக்தியை வாட் கணக்கில் காட்டும் கருவி, இருந்தால் நல்லது. 20 நிமிடம் உயிரைக் கொடுத்து ஓட்டி, வரும் சராசரியில் 95 சதவீதத்தை எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப் பிடிக்கும் சக்தி) என்று எடுத்துக்கொண்டு பயிற்சியை அளக்கலாம். எனக்கு அது 248 வாட், எட்டு வருடத்து உழைப்பு. இல்லாவிட்டாலும் குடி முழுகாது, ஒரே மேட்டை மாதம் ஒருமுறை கடிகாரம் வைத்து ஏறுங்க, அதுவும் மீட்டர்தான்.

கோச் இல்லாமலும் முடியும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்றேன். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் ரோடு ரேஸ், 137 கி.மீ. ஆஸ்திரியாவின் அன்னா கீசென்ஹோஃபர் தங்கம் வாங்கினார். அப்போது அவர் எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லை, கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், பயிற்சித் திட்டமும் அவரே போட்டுக்கொண்டது. கொடி விழுந்ததுமே பிய்த்துக்கொண்டு கிளம்பிய சிலரில் ஒருவர், கடைசி நாற்பது கிலோமீட்டர் தனியாக. ஒலிம்பிக்கில் காதில் ரேடியோ கிடையாது, அதனால் முன்னால் ஒருத்தர் இருப்பதே பின்னால் வந்த பலருக்குத் தெரியவில்லை. 75 நொடி கழித்து வந்த நெதர்லாந்தின் ஆனமீக் ஃபான் ஃப்ளூட்டன் தான்தான் ஜெயித்ததாக நினைத்துக் கையைத் தூக்கினார்.

இதைப் பார்த்த உற்சாகத்தில் அடுத்த ரேஸில் நானும் கொடி விழுந்ததுமே கிளம்பினேன். 12 கி.மீ.-இல் பிடித்துவிட்டார்கள். தாண்டிப் போகும்போது ஒருத்தர் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார், அதுதான் தாங்க முடியவில்லை.

கேள்வி (கோயம்புத்தூர்): நான் பெண், கூட்டத்தில் ஓட்டப் பயமா இருக்கு. யாராவது இடிச்சுருவாங்களோன்னு. உட்காரும் இடத்திலும் வலி.

பயம் நியாயமானதுதான். என் காறை எலும்பு உடைந்ததே கூட்டத்தில்தான், அதுவும் முழுக்க என் தப்பு. முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் என் முன்சக்கரத்தை நுழைத்து வைத்திருந்தேன், அவர் ஒரு குழிக்கு ஒதுங்கினார், சக்கரம் சக்கரத்தை உரசியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, உரசினால் விழுவது பெரும்பாலும் பின்னால் இருப்பவர்தான். ஆகவே சக்கரங்கள் ஒன்றையொன்று தாண்டி நிற்க விடாதீங்க. முன் டயரைப் பார்க்காமல் முன்னவரின் தோளைத் தாண்டிப் பாருங்க. முதலில் மூணு பேரோடு ஆளில்லாத ரோட்டில் தோளோடு தோள் உரசிப் பழகுங்க. அன்றைக்கு என் ஹெல்மெட்டும் ரெண்டாகப் பிளந்தது. 2003-ல் பாரிஸ்-நீஸ் ரேஸில் விழுந்து கசாக்ஸ்தான் வீரர் அந்திரேய் கிவிலெவ் இறந்த பிறகுதான் தொழில்முறை ரேஸில் ஹெல்மெட் கட்டாயமானது. அதுவரை அவர்களிலேயே நிறைய பேர் போடாமல்தான் ஓட்டினார்கள்.

வலிக்கு: சீட் மெத்தென்று இருப்பதில் பயனில்லை, அகலம் பொருந்தணும். உட்காரும் எலும்புகளின் இடைவெளி பெண்களுக்குப் பொதுவாகக் கூடுதல். அளந்து கொடுக்கும் கடையில் அளந்து வாங்குங்க. பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் வேறு உள்ளாடை வேண்டாம், இதை யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

கேள்வி (நாமக்கல்): கொல்லிமலையில் ஏறிடுவேன், இறங்கத்தான் நடுங்குது.

காரவள்ளியிலிருந்து 70 வளைவு, நடுங்கவில்லை என்றால்தான் கவலைப்படணும். வளைவுக்கு முன்னாடியே நேர்கோட்டில் பிரேக் பிடித்து முடிச்சுடுங்க, வளைவுக்குள் பிடிக்காதீங்க. வெளிப்பக்கக் கால் கீழே, எடை அதன் மேல். குழியைப் பார்த்தால் குழிக்குத்தான் போவீங்க, வெளியேறும் இடத்தைப் பாருங்க. பஸ் ஹாரன் கேட்டால் கௌரவம் பார்க்காமல் நின்றுவிடுங்க.

கேள்வி (பெயர் வேண்டாம்): காலில் முடி மழிக்கணுமா? வீட்டில் சிரிக்கிறாங்க.

விழுந்தால் காயத்தைக் கழுவி மருந்து போட வசதி. வேகம் கூடுமா என்றால், நம் அளவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. நான் மழிப்பேன், என் மனைவியும் சிரிப்பார்.

கேள்வி (விழுப்புரம் பக்கம், ஒரு அப்பா): அறிஞர் அண்ணா பிறந்தநாள் மிதிவண்டிப் போட்டியில் பையன் நாலாவதாக வந்தான், வயசு 14. ரேஸ் சைக்கிள் கேட்டு அடம் பிடிக்கிறான். கடன் வாங்கி எடுத்துக் கொடுக்கலாமா?

கடன் வேண்டாங்க. அந்தப் போட்டியே கியர் இல்லாத சாதாரண சைக்கிளுக்குத்தான், அடுத்த வருடமும் அவன் அதில்தான் ஓட்டணும். நான் முதன்முதலில் வேகம் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டது பஸ்ஸை விரட்டி, செயின் கவர் கடகடக்கும் ஒரு பழைய சைக்கிளில். பதினாலு வயதில் கால் இன்னும் வளரும், இன்று வாங்கும் சைக்கிள் ரெண்டு வருடத்தில் சின்னதாகிவிடும். அவனுக்கு ஓட்டுகிற கூட்டாளிகள் ரெண்டு பேர் கிடைத்தால் அது சைக்கிளைவிடப் பெரிய விஷயம்.

இப்போதைக்கு நூறு இருநூறு ரூபாய்ச் செலவில் ஒன்று செய்யலாம். பின்சக்கரத்தைத் தூக்கி கையால் சுற்றிவிடுங்க. சீக்கிரம் நின்றாலோ கரகர என்றாலோ, பக்கத்துச் சைக்கிள் கடையில் பால்ரஸ் மாற்றி கிரீஸ் வைக்கச் சொல்லுங்க. சீட்டையும் உயர்த்தணும், இந்த வயதுப் பிள்ளைகள் எல்லாரும் முட்டி வயிற்றில் இடிக்கிற மாதிரிதான் ஓட்டுகிறார்கள். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீளும் உயரத்துக்கு வையுங்க. ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு எவ்வளவு நேரம் குறைந்தது என்று எனக்குச் சொல்லச் சொல்லுங்க.