சிறுபான்மை இனத்தவரிடம் எச்.ஐ.வி. அதிகமாக இருப்பதற்கு, அவர்கள் ஆணுறையை வெறுப்பதுதான் காரணமா?

இல்லை. எச்.ஐ.வி. ஆலோசகராக இருப்பதால் இதை அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். பழியைப் பாதிக்கப்பட்டவர்கள் தலையிலேயே போடுகிறோமே என்று ஒவ்வொரு தடவையும் மனசு கனத்துப்போகிறது.

அமெரிக்காவில் கறுப்பினத்தவர் மக்கள்தொகையில் சுமார் 12 சதவீதம்தான். 2022இல் புதிதாகத் தொற்றியவர்களில் அவர்கள் ஏறக்குறைய 37 சதவீதம். ஆனால் தன்பாலின உறவு கொள்ளும் ஆண்களைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கறுப்பின ஆண்கள் மற்றவர்களைவிட ஆணுறையைக் குறைவாகப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. அப்புறம் எப்படி? பெரும்பாலும் தங்கள் சமூகத்துக்குள்ளேயே துணை தேடுகிறார்கள். அங்கே தொற்று ஏற்கெனவே அதிகம். காப்பீடு இல்லாததால் பலருக்குச் சிகிச்சை தாமதமாகிறது. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் தென்படாத நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்றாது. அந்த மாத்திரை போய்ச் சேராத இடத்தில், ஒரே ஒரு நாள் ஆணுறை தவறினாலும் ஆபத்து பல மடங்கு.

இன்னொன்று, அவநம்பிக்கை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் (சிபிலிஸ்) முற்றினால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காகவே கறுப்பின ஆண்களுக்கு அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை சிகிச்சை தராமல் விட்டது. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட துறை நீட்டுவதைச் சந்தேகத்தோடு பார்க்காமல் வேறென்ன செய்வார்கள்?

ஆணுறைத் தயக்கமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது வெறுப்பு அல்ல, பெரும்பாலும் பயம். புலம்பெயர்ந்த பெண்ணொருவர் மொழிபெயர்க்க நாத்தனாரைக் கூட்டி வந்தார். ஆணுறை பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம், கல்யாணம் ஆனவங்க" என்று நாத்தனாரே பதில் சொல்லிவிட்டார். கேள்வி அந்தப் பெண்ணின் காதுக்கே போகவில்லை. அடுத்த முறை, அவர்கள் சமூகத்துக்கு வெளியே உள்ள ஒரு மொழிபெயர்ப்பாளரைப் போனில் பிடித்தோம். அப்போதுதான் வாய் திறந்தார்: "போடச் சொன்னா, நீ யாருகிட்ட போனேன்னு என்னையே கேப்பாரு."

அவரிடம் ஆணுறையை மட்டும் கொடுத்தனுப்பி என்ன பயன்? தினமும் சாப்பிடும் ப்ரெப் தடுப்பு மாத்திரை பற்றிச் சொன்னோம். அதற்குக் கணவரின் சம்மதம் தேவையில்லை. மற்ற பால்வினை நோய்களையும் கர்ப்பத்தையும் அது தடுக்காது என்பதையும் சொன்னோம்.

இந்தக் கேள்வியோடு, உங்கள் குழு சிறுபான்மை மக்களுக்கு ஆணுறை விநியோகிக்கப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். நல்லது, செய்யுங்கள். கூடவே பரிசோதனை எங்கே ரகசியமாகச் செய்யலாம், ஆபத்தான உறவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க எங்கே போகவேண்டும் என்பதை அவர்கள் மொழியிலேயே எழுதிக் கொடுங்கள்.