பட்டவன் பக்கத்தில் உட்காரும் வேலை

அம்மா, வணக்கம்.

போன வாரம் பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறும் அவசரத்தில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அங்கே நின்றபடி பதில் சொல்ல மனம் வரவில்லை. "சார், பையன் ஏதோ பியர் சப்போர்ட் அசிஸ்டென்ட் வேலைக்குப் போறேங்கிறான். மூணு வருஷமா நாங்க மூடி வச்ச மனநோயை இவனே ஊரைக் கூட்டிச் சொல்லப் போறானா?" என்று கேட்டீர்கள். இதில் இரண்டு பயம் இருக்கிறது. இது ஒரு வேலைதானா என்பது ஒன்று. வெளியே தெரிந்தால் நாளைக்கு ஒரு சம்பந்தம் வருமா என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரியது என்று உங்கள் முகமே சொன்னது.

முதல் பயத்தை முதலில் முடித்துவிடலாம். வேலைதான். மனநோயிலிருந்தோ குடியிலிருந்தோ மீண்டு வந்த ஒருவர், இப்போது அதில் சிக்கியிருப்பவருக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு துணை நிற்கிறார். மருந்து எழுதுவதில்லை, இன்ன நோய் என்று சொல்வதில்லை. கூட இருப்பார், கேட்பார், டாக்டர் சொன்னதைப் புரிகிற மொழியில் திருப்பிச் சொல்வார். இது நேற்று வந்த யோசனையும் இல்லை. 1793-இல் பாரிஸில் மனநோயாளிகளையும் அடைத்து வைத்திருந்த பிசேத்ர் மருத்துவமனைக்கு பினெல் டாக்டராகப் போனபோது, அங்கே மேற்பார்வையாளராக இருந்த புஸ்ஸான் என்பவரே அதே இடத்தில் கண்டமாலை (கழுத்தில் கட்டி வரும்) நோய்க்குச் சிகிச்சை பெற்றுக் குணமானவர். குணமான நோயாளிகளையே வேலைக்கு வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அவர்கள் கைநீட்ட மாட்டார்கள், அடிபட்ட வலி தெரிந்தவர்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். குஜராத்தில் 2014-இல் மனநோயாளிகளின் உரிமைக்கான உலக சுகாதார நிறுவனத்தின் குவாலிட்டிரைட்ஸ் திட்டம் நடந்தபோது, அரசு மனநல மருத்துவமனைகளில் இப்படி மீண்டு வந்தவர்களைத் துணைக்கு வைத்தார்கள். மத்திய அரசு உதவியில் நடக்கும் போதை மறுவாழ்வு மையங்களின் ஊழியர் பட்டியலில் பியர் எஜுகேட்டர் என்று ஒரு இடம் உண்டு; அது போதையை விட்டவருக்கானது. எச்.ஐ.வி. கூட்டுமருந்து மையங்களில் கேர் கோ-ஆர்டினேட்டராக இருப்பவர் அந்தத் தொற்றோடு வாழ்பவர்தான். காசநோயிலிருந்து மீண்டவர்களுக்கு டிபி சாம்பியன் என்று பயிற்சி கொடுக்கிறார்கள். துணை மருத்துவத் தொழில்களுக்காக 2021-இல் வந்த தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் மனநல ஆதரவுப் பணியாளர் என்ற பெயரும் இருக்கிறது.

ஆனால் உங்களிடம் பொய் சொல்லக் கூடாது. பேர் இருக்கிற அளவுக்கு இடம் இல்லை. அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் கேரள பி.எஸ்.சி. விளம்பரத்தில் இந்தப் பெயரைத் தேடிக்கொண்டு உங்கள் பையன் உட்கார்ந்தால் வயதுதான் ஏறும். மனநலத்தில் இப்போதைக்குத் தொண்டு நிறுவனங்கள், மறுவாழ்வு மையங்கள், சில தனியார் ஆஸ்பத்திரிகள், அவ்வளவுதான். சம்பளம் என்று சொல்லிவிட்டு 'ஊக்கத்தொகை' கொடுக்கும் இடங்களும் உண்டு. நியமன ஆணை எழுத்தில் தருவார்களா, மாதச் சம்பளமா நாள்கணக்கா, தனக்கு முடியாமல் போனால் விடுப்பு உண்டா என்று சேருவதற்கு முன்னால் வாய் திறந்து கேட்க வேண்டும். "நீயும் கஷ்டப்பட்டவன்தானே, சேவையா நினைச்சுக்கோ" என்கிற இடத்தில் செருப்பைக் கழற்றவே வேண்டாம்.

சரி, பையனுக்கு இது பொருந்துமா? மூன்றாம் வருடத்தோடு இன்ஜினியரிங் நின்றுபோனது, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் அட்மிஷன், இரண்டு வருட மாத்திரை என்று நீங்கள் சொன்னதெல்லாம் தகுதி என்று நான் சொல்ல மாட்டேன். இங்கேதான் பலர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். பட்டது மட்டும் தகுதி ஆகாது. பட்டதில் எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது என்று தெரிவதுதான் இந்த வேலையின் கைத்திறமை.

ஒரு உதாரணம் பாருங்கள். வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே எல்லோரும் மலையாளத்தில் கேட்கிறார்கள். பாட்டிக்கு ரேஷன் கடை மலையாளம் வரும், பஸ் மலையாளம் வரும். 'மனசு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது' என்பதை மலையாளத்தில் சொல்ல வராது. வெப்ராளமா, அதாவது பதற்றமா, என்று நர்ஸ் கேட்டால் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். பேரன் பேசுவதே இல்லை. மாத்திரை போட்டதும் பகலெல்லாம் தூங்குகிறான், அதனால் நாலு நாளில் நிறுத்திவிட்டார்கள். அவன் பக்கத்தில் தம்பி போய் உட்காருகிறான். "எனக்கும் முதல்ல இப்படித்தான் தூக்கம் தள்ளுச்சு. டாக்டர்கிட்டச் சொன்னேன், மாத்திப் பார்த்தாங்க. நீயும் சொல்லு, நான் கூட வர்றேன்." இவ்வளவுதான் பேச்சு. இதற்குமேல் "நான் அந்த மாத்திரையைப் பாதியா ஒடைச்சுத்தான் போட்டேன்" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் காரியம் கெட்டது. தன் கதையை அரைமணி நேரம் சொன்னாலும் கெட்டது. அப்புறம் யார் நோயாளி, யார் துணை என்றே தெரியாமல் போகும்.

இன்னும் சில கட்டுப்பாடுகள் உண்டு. சொந்த போன் நம்பரைக் கொடுக்கக் கூடாது. கைமாற்றுக் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யக் கூடாது. அந்த நிமிடமே மேலே இருக்கிற கவுன்சலரிடம் சொல்ல வேண்டும். அன்றன்று நடந்ததை நோட்டில் எழுத வேண்டும். ஆகவே எழுத்து வேலை கொஞ்சம் அலுப்பூட்டும், தம்பியிடம் இப்போதே சொல்லிவையுங்கள். வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேச ஒரு மேற்பார்வையாளர் இல்லாத இடத்தில், எவ்வளவு சம்பளம் தந்தாலும் சேர வேண்டாம். என் கூடப்பிறந்த தம்பி குடியை விட்டு ஒரு வருடம் ஆகும் முன்பே ஒரு மறுவாழ்வு மையத்தில் இப்படி வேலைக்குச் சேர்ந்தான். ராத்திரி வார்டில் தனியாக விட்டார்கள், கேட்க ஆள் இல்லை. எட்டு மாதத்தில் நோயாளியாக அதே கட்டிலுக்குத் திரும்பினான். இப்போது நன்றாக இருக்கிறான், பொள்ளாச்சியில் தேங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறான். அந்த எட்டு மாதத்தை நினைத்துத்தான் நான் இதில் அவசரம் காட்டுவதில்லை.

இனி உங்கள் இரண்டாவது பயம். எல்லையில் இருக்கிற நமக்குக் கேலி பேசவும் இரண்டு மாநிலம். அந்தப் பக்கம் கீழ்ப்பாக்கம் என்பான், இந்தப் பக்கம் குதிரவட்டம் என்பான்; இரண்டும் மனநல ஆஸ்பத்திரிக்குப் பேர்போன இடங்கள். நீங்கள் பயப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் இந்த வேலைக்காக ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வேலை கொடுப்பவருக்குத் தெரியும், பக்கத்தில் உட்காரும் நோயாளிக்குத் தெரியும். உறவுக்காரர் கேட்டால் "ஆஸ்பத்திரியில் வேலை" என்றால் அது பொய்யில்லை. போஸ்டரில் போட போட்டோ, மேடையில் பேச்சு, யூடியூபில் பேட்டி என்று யாராவது கேட்டால் முடியாது என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. சிகிச்சை விவரத்தை வெளியே விடக் கூடாது என்று 2017-ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டமே ஆஸ்பத்திரிகளைக் கட்டிப்போட்டிருக்கிறது. சொல்வதா, யாரிடம், எப்போது என்பது அவன் முடிவு. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் முடிவும் அல்ல. கல்யாணம் பேசும்போது பெண் வீட்டாரிடம் மறைக்காதீர்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது, இந்த வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும்.

ஊனமுற்றோர் இட ஒதுக்கீட்டைப் பற்றியும் கேட்டீர்கள். 2016 சட்டத்தில் அரசு வேலைக்கு 4 சதவீதம், அதில் மனநோயும் சேர்ந்த பிரிவுக்கு 1 சதவீதம். பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்றிதழ் வேண்டும். உங்கள் பையன் இப்போது இருக்கும் நிலையில் அது கிடைக்குமா என்று அவனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடமே கேளுங்கள். கிடைத்தால் வாங்கி வைக்கலாம். அதற்காக நோயை ஊதிக் காட்ட வேண்டாம்.

இப்போது என்ன செய்யலாம்? ஆறு மாதம் சம்பளத்தை மறந்துவிட்டுப் பஞ்சாயத்து பாலியேட்டிவ் (வலி தணிப்பு) நர்ஸோடு வீடு வீடாகப் போகட்டும். 2008-இல் இந்தியாவிலேயே முதலாக இதற்கென்று கொள்கை போட்ட மாநிலம் கேரளா; நம் வாசலிலேயே இருக்கும் பயிற்சி இது. மனநோய் பற்றி அங்கே ஒன்றும் கற்றுத்தர மாட்டார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர் பக்கத்தில் பேசாமல் உட்காருவதைக் கற்றுக்கொள்வான், அதுதான் இங்கேயும் வேண்டும். யாரிடமும் தன் கதையைச் சொல்ல வேண்டியதும் இல்லை. அந்த ஆறு மாதத்தில் தூக்கம் கெடுகிறதா, மாத்திரை தவறுகிறதா என்று பாருங்கள். தூரத்திலிருந்து பாருங்கள், டப்பாவைத் திறந்து எண்ண வேண்டாம்.

கூடவே படிப்பு. இந்த வேலை ஒன்றையே நம்பி நிற்க முடியாது, இன்னொரு காலும் வேண்டும். பிளஸ் டூ வைத்து இக்னோ திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணிப் பட்டத்துக்குச் சேரலாம். மூன்று வருடத்தில் முடிக்கலாம், முடியாவிட்டால் ஆறு வருடம் வரை இழுக்கலாம். நடுவில் உடம்புக்கு முடியாமல் போனாலும் படிப்பு அறுந்துபோகாது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். பின்னால் எம்.எஸ்.டபிள்யூ. முடித்தால் ஆஸ்பத்திரி வேலைக்கு வழி அகலும். மலையாளம் எழுதப் படிக்கவும் அவன் தேறியாக வேண்டும். தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்றே கேரள பி.எஸ்.சி. கிளார்க் தேர்வு தனியாக நடத்துகிறது. இது அவன் மனதுக்குப் பிடிக்காமல் போனால் அந்தப் பக்கமும் ஒரு கதவு திறந்திருக்கும்.

அவன் மனது மறுபடி தடுமாறுகிற ராத்திரி ஏதாவது வந்தால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். எண்ணை நீங்களும் போனில் போட்டு வையுங்கள், உங்களுக்கும் உதவும். இந்த மூன்று வருடத்தில் உங்களைப் பார்த்து "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வரும் சனிக்கிழமை பத்து மணிக்குத் தம்பியை அனுப்புங்கள். தனியாகவே வரட்டும், பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள் போதும். பிளஸ் டூ சர்டிபிகேட், கல்லூரி மார்க் லிஸ்ட் இரண்டையும் கொண்டு வரச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி பைல் வேண்டாம்.