பன்னிரண்டாம் கேள்வி

அன்புள்ள ஐயா,

என் அப்பா ஒரு புற்றுநோய் மருந்துச் சோதனையில் சேர்ந்திருந்தார். மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் வாழ்க்கைத் தரம் பற்றி 30 கேள்விகள் கொண்ட படிவம் தருவார்கள். நான் வாசிப்பேன், அவர் வட்டமிடுவார். ஒருநாள் 12ஆம் கேள்வியோடு பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு வந்த தாள்கள் எல்லாம் வெறுமைதான். 4 மாதத்தில் காலமானார். இப்போது வந்த ஆய்வறிக்கையில் நோயாளிகளின் வாழ்க்கைத் தரம் உயர்ந்ததாக வரைபடத்தில் கோடு ஏறுகிறது. அப்பாவின் தாள்கள் என்ன ஆயின?

க., ஈசூன்

அன்புள்ள க.,

நீங்கள் சொல்வது புற்றுநோயாளிகளுக்கான கியூஎல்கியூ-சி30 என்ற வாழ்க்கைத் தரப் படிவம் என்றால், அதில் 12ஆவது கேள்வி, ‘பலவீனமாக உணர்ந்தீர்களா?’ என்பது. அதைப் படித்துவிட்டு நானும் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கோடு எப்படி ஏறும் என்று பாருங்கள். நான்கு பேரின் மதிப்பெண் 80, 70, 40, 30. சராசரி 55. அடுத்த முறை எல்லோருக்குமே 5 குறைகிறது, ஆனால் நலிந்த இருவரால் படிவம் நிரப்ப முடியவில்லை. மிஞ்சியது 75, 65. சராசரி 70! ஒருவர்கூடத் தேறவில்லை.

மழையில் பஸ் கிடைக்காமல் வராதவரும் எழுந்து உட்காரவே முடியாமல் வராதவரும் ஒன்றல்ல. புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976இலேயே இந்த வேறுபாட்டை வகைப்படுத்திவிட்டார். 1990களில் வளர்ந்த ‘கூட்டு மாதிரி’ முறை, ஒருவரின் மதிப்பெண் சரிவதையும் அவர் விலகும் அல்லது இறக்கும் காலத்தையும் சேர்த்தே கணக்கிடுகிறது. வேகமாகச் சரிந்தவர்கள் சீக்கிரம் நின்றுபோகிறார்கள் என்றால், அந்த நிற்றலே அவர்கள் நிலைமையைப் பற்றிய தகவலாகிவிடும். உங்கள் அப்பாவின் வெற்றுத் தாளும் அப்போது பேசும்.

ஆனால் இறப்பு வேறு. இறந்தவருக்கு ‘விடுபட்ட மதிப்பெண்’ என்று ஒன்று கிடையாது. அந்த மாதங்களை ஊகித்து நிரப்புவது தவறு என்றே நினைக்கிறேன். உயிரோடிருந்தவரை எப்படி இருந்தார், எவ்வளவு காலம் இருந்தார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும்.

இன்னொன்று: விடுபட்டதற்கான காரணத்தை இருக்கும் தாள்களை மட்டும் வைத்து நிரூபிக்க முடியாது. அதனால் அனுமானத்தை மாற்றி மாற்றிப் போட்டு, முடிவு நிற்கிறதா என்று பார்ப்பார்கள். தாதி ஒருவர், ‘மிகவும் சோர்வாக இருந்தார்’ என்று ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் அது எவ்வளவோ உதவும்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது இதுதான். அறிக்கையில் கோட்டுக்குக் கீழே, ஒவ்வொரு முறையும் எத்தனை பேர் படிவம் தந்தார்கள் என்ற எண்ணிக்கை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஆய்வுக் குழுவுக்கு எழுதிக் கேளுங்கள். 12ஆம் கேள்வியைப் பற்றியும் எழுதுங்கள்.