55 அங்குலத் தவணையா, 32 அங்குல ரொக்கமா?

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. எங்களுக்கு முக்கூடல் பக்கம். நான் வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறேன், வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு பேர் வருமானமும் சேர்ந்து மாதம் 26,000. செலவு போக 3,000 மிஞ்சும். எங்கள் 21 அங்குலப் பெட்டி டிவி போன வாரம் நின்றுவிட்டது. சரிசெய்ய மெக்கானிக் 2,800 கேட்கிறார். அத்தைக்குப் பழைய படம் என்றால் உயிர். "அகல டிவியில ஆளெல்லாம் வீங்கித் தெரியுது, பழசையே பாரு" என்கிறார்கள். பையன் கிரிக்கெட்டுக்கு 55 அங்குலம் கேட்கிறான். கடையில் 32 அங்குலம் 12,500. 55 அங்குலம் ரொக்கத்துக்கு 38,500. தவணை என்றால் மாதம் 3,500 வீதம் 12 மாதம், வட்டி கிடையாது, ஃபைல் சார்ஜ் மட்டும் 500 என்கிறார்கள். சீட்டு எடுத்த 40,000 கையில் இருக்கிறது. அதில் 15,000 மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு. என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, 32 அங்குலத்தை ரொக்கமாக வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அத்தை சொன்னதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பழைய பெட்டியின் திரை, அகலம் நாலு என்றால் உயரம் மூன்று என்ற அளவு. இப்போது கடையில் இருப்பதெல்லாம் பதினாறுக்கு ஒன்பது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம், அதாவது அகலத் திரைப் படம், 1973-இல் வந்த ராஜராஜ சோழன். அதற்கு முந்தைய படங்கள் பெரும்பாலும் பழைய பெட்டியின் வடிவத்துக்கு நெருக்கமானவை. அவற்றை அகலத் திரை முழுக்க இழுத்து நிரப்பினால் முகம் வீங்கத்தான் செய்யும். அது டிவியின் குற்றமில்லை, செட்டிங்கின் குற்றம். ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 என்று மாற்றினால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், முகம் முகமாகத் தெரியும். இதற்குக் காசு கிடையாது.

அப்படி மாற்றினால் படம் சின்னதாகிவிடாதா என்று கேட்பார்கள். ஆகாது. அங்குலம் என்று கடையில் சொல்வது மூலைக்கு மூலை அளவு. கண்ணுக்குப் படுவது உயரமும் அகலமும். உங்கள் பழைய திரையின் உயரம் சுமார் 12.6 அங்குலம். 32 அங்குல டிவியின் உயரம் 15.7. ஆக பக்கப் பட்டையோடு பார்த்தாலும் அத்தைக்குக் கிடைப்பது 26 அங்குலப் பெட்டி டிவி அளவுள்ள படம். முன்பைவிடப் பெரிசு. சினிமாஸ்கோப் படம் பழைய பெட்டியில் 7 அங்குல உயரம்தான் வரும், ஒரு சாண்கூட இல்லை. புதியதில் கிட்டத்தட்ட 12 அங்குலம்.

பையனுக்கும் கணக்குச் சொல்லுங்கள். பழைய பெட்டியில் கிரிக்கெட் ஒன்று மேலும் கீழும் பட்டையோடு வரும், அல்லது ஓரம் வெட்டுப்பட்டு ஸ்கோர் பாதி மறையும். முழு ஆட்டமும் தெரிகிற பரப்பை எடுத்துக்கொண்டால் 32 அங்குலத்தில் அது பழையதைப்போல இரண்டே முக்கால் மடங்கு. அவன் கேட்ட 55 இல்லைதான், ஆனால் இதுவே பெரிய மாற்றம்.

55 அங்குலத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. உங்கள் கேபிள் பெட்டி சாதாரண எஸ்டி பெட்டி என்றால் அதில் வருவது 576 வரிப் படம். அதே வரிகளை 27 அங்குல உயரத்துக்குப் பரப்பினால் சின்ன அறையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு மங்கலாகத்தான் தெரியும். அப்புறம் ஹெச்டி பெட்டி, கூடுதல் மாதச் சந்தா என்று செலவு நீளும்.

சரி, தவணைக்கு வருவோம். "வட்டி கிடையாது" என்பதை நம்பாதீர்கள். 3,500 வீதம் 12 மாதம் 42,000. ரொக்க விலை 38,500. இடையில் உள்ள 3,500 ரூபாய்தான் வட்டி, பெயர்தான் வேறு. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே போவதால் இது வருடத்துக்கு 16 சதவீதத்துக்கு மேல் வருகிறது. ஃபைல் சார்ஜையும் சேர்த்தால் 18-ஐத் தாண்டும். பூஜ்ய வட்டி என்று வங்கிகள் சொல்லி விற்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே தடுத்தது. அதன் பிறகு அந்த வட்டி விலைக்குள் ஒளிந்துகொண்டது. இதைவிட முக்கியம், உங்களுக்கு மாதம் மிஞ்சுவது 3,000, தவணை 3,500. முதல் மாதமே 500 குறைகிறது. ஆட்டோவுக்கு ஒரு டயர் போனால், பீடி வேலை ஒரு வாரம் குறைந்தால் எங்கே போவீர்கள்? ஒரு தவணை தவறினால் அபராதமும் சேரும். டிவிக்காக வாங்கிய கடனுக்காக நகையை அடகு வைத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிலை உங்களுக்கு வரவே கூடாது.

வரி குறைந்துவிட்டது, பெரிசாக எடுங்கள் என்றும் கடையில் சொல்வார்கள். அது நிஜம்தான். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு இருந்த 28 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. 32 வரை உள்ளதற்கு 2019 ஜனவரியிலிருந்தே 18தான். விலை குறைந்தது என்பதற்காக நம் வருமானம் கூடிவிடவில்லையே.

ரிப்பேரும் வேண்டாம். அந்த வகை டிவி இப்போது புதிதாக வருவதில்லை. பழைய செட்டைப் பிரித்து எடுத்த பாகத்தைத்தான் போடுவார்கள். 2,800 என்பது புது டிவி விலையில் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு. பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுங்கள். உடைத்துப் போட விடாதீர்கள், அந்தக் குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது.

கல்லூரிக் கட்டணம் 15,000-ஐ இன்றே தனிக் கணக்கில் போடுங்கள். மீதி 25,000-இல் டிவிக்கு 12,500. பாக்கி 12,500-ஐத் தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் வைத்து, டயருக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் தொடுங்கள். டிவி எடுக்கும்போது ஸ்டார் லேபிளைப் பாருங்கள். 50 வாட் டிவி தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட், 120 வாட் என்றால் 36. இலவச 100 யூனிட்டுக்குள் நிற்கிற வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் பிளக்கையும் கேபிளையும் சேர்த்துப் பிடுங்கிவிடுங்கள்.

மாட்டிக் கொடுக்க ஆள் வரும்போது அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு பழைய படத்தைப் போடச் சொல்லுங்கள். மாட்டுவண்டிச் சக்கரமோ நிலாவோ வரும் இடத்தில் அது வட்டமாக இருக்கிறதா என்று பார்த்து, 4:3-க்கு எந்த பட்டன் என்று அத்தைக்கே கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஆளை அனுப்பினால் போதும்.