அன்டோனியா ஃப்ரேசர்: ராணிகளின் கதையை எழுதியவர் (கேள்வி பதில்)

ஐயா, அன்டோனியா ஃப்ரேசர் என்றால் நாடகாசிரியர் ஹரால்டு பின்டரின் மனைவி என்றுதான் எனக்குத் தெரியும். அவரே பெரிய எழுத்தாளரா?

பின்டரை 1980-இல் மணப்பதற்கு முன்பே ஸ்காட்லாந்து ராணி மேரி, 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னராட்சியைக் கவிழ்த்த ஆலிவர் கிராம்வெல், முதலாம் ஜேம்ஸ், இரண்டாம் சார்லஸ் என்று நான்கு பேரின் வாழ்க்கையை எழுதி முடித்துவிட்டார். 1932-இல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படித்தார், பிறகு வைடன்ஃபெல்டு பதிப்பகத்தில் வேலை பார்த்தார். அப்பா லாங்ஃபோர்டு பிரபு, தொழிற்கட்சி அமைச்சராக இருந்தவர். அம்மா எலிசபெத் லாங்ஃபோர்டு, விக்டோரியா மகாராணியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். தம்பி தாமஸ் பாக்கன்ஹம் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர் பற்றி எழுதினார். மகள் ஃப்ளோராவும் வாழ்க்கை வரலாற்றாசிரியர்தான். மூன்று தலைமுறையாக ஒரு வீட்டில் இதே தொழில்!

முதல் பெரிய புத்தகமே எப்படி அவ்வளவு பேசப்பட்டது? மேரியைப் பற்றி ஏற்கெனவே ஏராளமாக எழுதப்பட்டிருந்ததே?

எழுதப்பட்டிருந்தது. ஆனால் அவற்றில் நிறைய, மேரியைப் புனிதவதியாக்கும் அல்லது கணவனைக் கொன்றவளாக்கும். சிறு வயதிலிருந்தே மேரி மீது பித்தாக இருந்தவர் ஃப்ரேசர். அம்மா மேரியைப் பற்றி எழுதலாமா என்று பேச்சு வந்தபோது, அவள் என் ஆள், நான்தான் எழுதுவேன் என்று மகள் மல்லுக்கு நின்ற கதை உண்டு. 1969-இல் புத்தகம் வந்தபோது அவர் ஆறு குழந்தைகளின் தாய். ஜேம்ஸ் டெய்ட் பிளாக் பரிசும் கிடைத்தது.

மேரியின் கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பிறந்து ஆறு நாளில் ஸ்காட்லாந்துக்கு ராணி. பிரான்சுக்கும் கொஞ்ச காலம் ராணி. 18 வயதில் விதவையாக ஊர் திரும்பினாள். இரண்டாம் கணவன் டார்ன்லி 1567-இல் கொல்லப்பட, அந்தப் பழி சூழ இங்கிலாந்துக்குத் தப்பி வந்தவளை அந்நாட்டு ராணி எலிசபெத் கிட்டத்தட்ட 19 ஆண்டுகள் சிறையில் வைத்தார். 1587-இல் ஃபாதரிங்கே கோட்டையில் தலை வெட்டப்பட்டது.

அந்தக் கடைசிக் காட்சி எல்லோருக்கும் தெரியும். மேலே போட்டிருந்த கறுப்பு உடையைக் கழற்றினால் உள்ளே சிவப்பு, அதாவது கத்தோலிக்கத் தியாகிகளின் நிறம். ஒரே வெட்டில் தலை விழவில்லை. வெட்டியவன் தலையைத் தூக்கியபோது கையில் பொய்முடி மட்டும் வந்தது, நரைத்த குட்டைமுடித் தலை தரையில் உருண்டது. பாவாடைக்குள் ஒளிந்திருந்த அவளுடைய செல்ல நாய் வெளியே வர மறுத்தது.

இப்படி ஒரு முடிவு கையில் இருந்தால் எந்த எழுத்தாளரும் முதல் பக்கத்திலிருந்தே அதன் நிழலைப் படரவிடுவார். ஃப்ரேசர் விடுவதில்லை. 20 வயது மேரிக்கு 44 வயதில் என்ன நடக்கும் என்று தெரியாது. அவள் அன்றைக்குத் தெரிந்ததை வைத்து முடிவெடுக்கிறாள், நம்மையும் அந்த அளவுக்குத் தெரிந்தவர்களாகவே உட்கார வைக்கிறார். என்னைக் கேட்டால் அவருடைய பெரிய பலம் இதுதான். மற்ற புத்தகங்களிலும் இதைப் பார்க்கலாம்.

டார்ன்லி கொலையில் மேரிக்குப் பங்கு உண்டா, இல்லையா? ஃப்ரேசர் நேரடியாகச் சொல்கிறாரா?

சொல்கிறார். கொலைத் திட்டம் அவளுக்குத் தெரியாது என்ற பக்கம்தான் அவர். அவளுக்கு எதிரான முக்கிய ஆதாரம் வெள்ளிப் பேழையில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்கள். மூலக் கடிதங்கள் காணாமல் போய்விட்டன, நகல்களும் மொழிபெயர்ப்புகளும்தான் மிச்சம். அந்தப் பேழையைக் கொண்டுவந்து காட்டியவர்களோ மேரி வீழ்ந்தால் லாபம் அடைபவர்கள். ஃப்ரேசர் கடிதங்களை வரிவரியாகப் பார்த்து, இவற்றில் கைவைத்திருக்கிறார்கள் என்கிறார். இன்றும் இதை ஒப்புக்கொள்ளாத வரலாற்றாசிரியர்கள் உண்டு. ஆனால் அந்த அத்தியாயத்தைப் படித்தவர், ஆதாரத்தை எடைபோடுவது எப்படி என்று கற்றுக்கொண்டுதான் எழுந்திருப்பார்.

'ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும்' என்று பிரெஞ்சு ராணி மேரி அன்டோனெட் சொன்னதாகப் பள்ளியில் படித்தோம். அதைப் பொய் என்கிறாராமே ஃப்ரேசர்?

பொய்தான். தேதியைப் பார்த்தாலே தெரியும். தத்துவஞானி ரூசோ தன் வாழ்க்கைக் கதையில் 'ஒரு பெரிய இளவரசி' இப்படிச் சொன்னதாக எழுதுகிறார். அதை அவர் எழுதியது 1760-களில். மேரி அன்டோனெட் 1770-இல்தான், 14 வயதில், பிரான்சுக்கு வந்தாள். ரூசோ எழுதும்போது ஆஸ்திரியாவில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை அவள். இதே பேச்சு அதற்கு நூறு வருடம் முன்பு வாழ்ந்த பதினான்காம் லூயியின் மனைவி மீதும் சுமத்தப்பட்டிருந்ததை ஃப்ரேசர் எடுத்துக் காட்டுகிறார். அயல்நாட்டு ராணி என்றால் யார் தலையிலும் ஏற்றிவிடக்கூடிய கதை.

இன்னொன்று. 1775-இல், மாவுத் தட்டுப்பாட்டுக் கலவரங்கள் நடந்த அதே ஆண்டில், முடிசூட்டு விழா முடிந்து அவள் தாய்க்கு எழுதிய கடிதம் இருக்கிறது. இவ்வளவு கஷ்டத்திலும் மக்கள் நம்மை இத்தனை அன்பாக நடத்துகிறார்கள், அவர்கள் நலனுக்கு உழைப்பது நம் கடமை என்கிறாள். அவள் செலவாளி, அரசியல் புரியாதவள், இதெல்லாம் உண்மை. ஆனால் பசித்தவனைப் பார்த்துச் சிரித்தவள் இல்லை. ஒருவரைப் பற்றிய ஒரே ஒரு வாக்கியம் உலகம் முழுக்கத் தெரிந்து, அதுவும் அவர் சொல்லாததாக இருந்தால், எவ்வளவு பெரிய அநியாயம் பாருங்கள்.

சோஃபியா கொப்போலாவின் 'மேரி அன்டோனெட்' படம் ஃப்ரேசர் அவளைப் பற்றி எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்ததுதானா?

ஆமாம். புத்தகம் 2001, படம் 2006. ராணி வெர்சாய் அரண்மனையை விட்டுக் கிளம்புவதோடு படம் முடிந்துவிடும், பின்னால் அவள் தலையை வெட்டிய கில்லட்டின் வராது. பலர் இதைக் குறை என்றார்கள். ஃப்ரேசருக்குப் படம் பிடித்திருந்தது. எனக்கும் அந்த முடிவு சரி என்றே படுகிறது.

அவர் கத்தோலிக்கர். மேரி, வெடிமருந்துச் சதி என்று எழுதியதெல்லாம் ஒருதலைப்பட்சமாக இருக்காதா?

நியாயமான கேள்வி. பதின்ம வயதில் கத்தோலிக்கம் தழுவியவர், அந்தப் பரிவு தெரியத்தான் செய்கிறது. 1996-இல் வந்த வெடிமருந்துச் சதிப் புத்தகத்தில், 1605-இல் நாடாளுமன்றத்தைத் தகர்க்கத் திட்டமிட்டவர்களின் ஆத்திரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு நிறைய இடம் தருகிறார். பாதிரியாரை வீட்டில் ஒளித்துவைத்தாலே மரண தண்டனை கிடைக்கக்கூடிய காலம் அது. அதற்காக, 36 பீப்பாய் வெடிமருந்தை அடுக்கியதை அவர் மழுப்பவில்லை. பயங்கரவாதம் என்றே பேசுகிறார்.

சதிகாரர்களில் ஒருவனான கை ஃபாக்ஸின் இரண்டு கையெழுத்துகளைப் படத்தில் பார்த்திருக்கிறீர்களா? ஒன்று தெளிவாக, திடமாக இருக்கும். மற்றது லண்டன் கோபுரச் சிறையில் சித்திரவதைக்குப் பிறகு போட்டது. 'கைடோ' என்ற பெயர் மட்டும், அதுவும் கோடுகள் தேய்ந்து, பேனாவைப் பிடிக்கவே முடியாதவன் கிறுக்கியதுபோல். அதற்கு மேல் விளக்கம் எதற்கு?

அப்புறம், ஒருதலைப்பட்சம் என்பவர்கள் கிராம்வெல் புத்தகத்தையும் படிக்க வேண்டும். கத்தோலிக்கர், அயர்லாந்தில் வேருள்ள குடும்பம், அவர் போய் அயர்லாந்தே வெறுக்கும் கிராம்வெல்லை இவ்வளவு பரிவோடு எழுதியிருக்கிறார். 1649-இல் அயர்லாந்தின் ட்ரோகெடா ஊரில் கிராம்வெல் படை செய்த படுகொலைக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்த மனிதனின் தயக்கங்களும் பிரார்த்தனைகளும் முழுதாக வருகின்றன.

பேராசிரியர்கள் இவரை மதிக்கிறார்களா? முனைவர் பட்டம் இல்லையே.

எழுத்து சுலபமாக ஓடினால் ஆழம் இல்லை என்று நினைக்கும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பெண்களைப் பற்றி அவர் 1984-இல் எழுதிய 'தி வீக்கர் வெசல்' உல்ஃப்சன் வரலாற்றுப் பரிசு பெற்றது. மருத்துவச்சிகள், நடிகைகள், தீர்க்கதரிசனம் சொன்னவர்கள், பணக்கார விதவைகள் எல்லோரும் அதில் வருகிறார்கள். உள்நாட்டுப் போரில் கார்ஃப் கோட்டையை எதிரிகள் முற்றுகையிட்டபோது, பேங்க்ஸ் சீமாட்டி மகள்களோடும் வேலைக்காரப் பெண்களோடும் மதில் மேல் நின்று கல்லும் நெருப்புக் கங்கும் கொட்டி விரட்டிய கதை ஒன்று போதும். அவர் எழுதியவற்றில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான்.

எழுதும் இடங்களை நேரில் போய்ப் பார்ப்பது அவருடைய இன்னொரு வழக்கம். கண்ணால் செய்யும் ஆராய்ச்சி என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்.

ஜான்சி ராணியைப் பற்றி எழுதியிருக்கிறாராமே?

தனிப் புத்தகம் இல்லை. 1988-இல் வந்த 'வாரியர் குயின்ஸ்' நூலில் ஒரு அத்தியாயம். பண்டைய பிரிட்டனின் பூதிக்கா, பால்மைராவின் செனோபியா, ஜார்ஜியாவின் தமாரா, அங்கோலாவின் ஜிங்கா என்று போய் இந்திரா காந்தி, தாட்சர் வரை வரும். போர் புரியும் பெண்ணை உலகம் எப்படியெல்லாம் விளக்கப் பார்க்கிறது என்பதுதான் அதன் மையம். யாரோ ஒருவரின் மகளாக, விதவையாக மட்டும் பார்ப்பது, இல்லாவிட்டால் ஒழுக்கத்தைப் பிடித்து இழுப்பது. லக்ஷ்மிபாயைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகள் பற்றி ஏகப்பட்ட புத்தகங்கள். இவருடையதில் என்ன விசேஷம்?

ஆறு பேரையும் ஆறு தனி மனுஷிகளாகப் பார்ப்பது. முதல் மனைவி கேத்தரினோடு ஹென்றி வாழ்ந்த மணவாழ்க்கை கிட்டத்தட்ட 24 ஆண்டுகள். மற்ற ஐவரின் காலத்தைக் கூட்டினாலும் அவ்வளவு வராது. ஆனாலும் நம் நினைவில் அவர் 'விவாகரத்தான முதலாமவர்' மட்டும்தான். 1992-இல் வந்த இந்தப் புத்தகம் அதைச் சரிசெய்கிறது.

துப்பறியும் நாவல்களும் எழுதினாரா?

எழுதினார். ஜெமிமா ஷோர் என்ற தொலைக்காட்சி நிருபர்தான் துப்பறிபவர். பயணத்துக்கு ஏற்றவை, அவ்வளவுதான்.

சரி, எதிலிருந்து தொடங்கலாம்? எனக்கு ஐரோப்பிய வரலாறு அதிகம் தெரியாது.

மேரி அன்டோனெட்டிலிருந்து தொடங்குங்கள். அவ்வளவு பெரிய புத்தகம் பயமாக இருந்தால் வெடிமருந்துச் சதி. சில மாதங்களில் நடந்து முடியும் கதை, வேகமாகப் போகும். ஸ்காட்லாந்து மேரியை இரண்டாவதாக எடுங்கள். அதில் பெயர்க் குழப்பம் வரும். ராணி பெயர் மேரி, தாய் பெயர் மேரி, கூடவே பிரான்சுக்குப் போன தோழிப்பெண்கள் நால்வர் பெயரும் மேரி! பக்கத்தில் ஒரு தாள் வைத்து, யார் யாருக்கு என்ன உறவு என்று குறித்துக்கொண்டே படியுங்கள்.