அறுபது வயதில் பள்ளித் தேர்வு எழுதிய பர்கர் முதலாளி

வெண்டீஸ் பர்கர் கடைகளைத் தொடங்கிய அமெரிக்கர் டேவ் தாமஸ் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகன், படிப்பை விட்டுவிட்டு பெசன்ட் நகர் கடற்கரையில் பர்கர் வண்டி போடப் போகிறேன் என்கிறான். 'டேவ் தாமஸே பதினைந்து வயதில் பள்ளியை விட்டவர்தானே' என்று உங்கள் கட்டுரையை என்னிடமே நீட்டுகிறான். என்ன சொல்வது?
– ஒரு தாய், பெரம்பூர்

பதில்: அம்மா, தாமஸ் எந்த நிலையில் பள்ளியை விட்டார் என்பதை முதலில் மகனிடம் சொல்லுங்கள். ஐந்து வயதில் தாயை இழந்தவர் தாமஸ். தந்தை வேலை தேடி ஊர் ஊராகப் போனார். மகனுக்கும் பள்ளி மாறிக்கொண்டே இருந்தது. ஃபோர்ட் வேன் என்ற ஊரில் ஓர் உணவகத்தில் வேலை கிடைத்த நேரத்தில் குடும்பம் மறுபடியும் கிளம்பியது. பையன் உடன் போகவில்லை. ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தங்கி, முழுநேரமும் அந்த உணவகத்திலேயே உழைத்தான். உங்கள் மகனுக்கு இரவுச் சாப்பாட்டை எடுத்து வைத்துக் காத்திருக்க நீங்கள் இருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். பள்ளியை விட்டவர் மறுநாளே முதலாளி ஆகிவிடவில்லை. ராணுவத்தில் சேர்ந்தபோது சமையல் பள்ளியில் பயின்றார். திரும்பி வந்து மறுபடியும் அடுப்படியில் நின்றார். முதல் வெண்டீஸ் கடையை ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் 1969 நவம்பரில் திறந்தபோது அவருக்கு வயது முப்பத்தேழு. இருபது ஆண்டுகளுக்கு மேல் பிறர் கடையில் தொழில் கற்றவர் அவர்.

பேரும் பணமும் வந்த பிறகும் அந்தப் படிப்பு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. தன்னைப் பார்த்துப் பிள்ளைகள் பள்ளியை விட்டுவிடுவார்களோ என்று பயந்தார். அதனால் 1993-இல் ஃபுளோரிடாவில் உயர்நிலைப் பள்ளிக்கு இணையான தேர்வை எழுதித் தேறினார். உங்கள் மகனைப் போன்ற ஒருவனை நினைத்துத்தான் அந்த மனிதர் அறுபது வயதில் தேர்வு எழுதினார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

அவனுடைய ஆசையை மட்டும் அடக்கிவிடாதீர்கள். விடுமுறையில் தெரிந்தவர் கடையில் வேலைக்கு விடுங்கள்; வெங்காயம் உரிக்கட்டும், எண்ணெய்ச் சட்டி தேய்க்கட்டும். அப்போதும் ஆசை குறையவில்லை என்றால் தரமணியில் ஓட்டல் மேலாண்மைக் கல்வி நிலையம் இருக்கிறது. அங்கே பட்டப்படிப்பில் சேரவும் பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும்.

கேள்வி: வேளச்சேரியில் துரித உணவுக் கடை வைத்திருக்கிறேன். கூட்டம் வருகிறது, கையில் காசு நிற்பதில்லை. மெனு அட்டையை இணைத்திருக்கிறேன்.
– கடைக்காரர், வேளச்சேரி

பதில்: அட்டையைப் பார்த்தேன். ஷவர்மா, நூடுல்ஸ், பரோட்டா, தோசை, ஃபலூடா என்று இரண்டு பக்கமும் நிறைந்திருக்கிறது. உங்கள் காசு குளிர்பதனப் பெட்டிக்குள் இருக்கிறது. திருவல்லிக்கேணியில் சாப்பாட்டுக் கடை நடத்தியவன் நான். இரவு கடை கட்டும் நேரத்தில் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று தெரியும். பாதி வெட்டிய குடைமிளகாய் ஓரத்தில் சுருங்கிக் கிடக்கும். காலையில் வேகவைத்த நூடுல்ஸ் கட்டியாகிவிட்டிருக்கும். மாஸ்டர் அதில் எண்ணெய் விட்டுப் பிரித்துக்கொண்டிருப்பார்.

தாமஸுக்கும் 1962-இல் இதே நிலைதான். கொலம்பஸில் நொடிந்துகிடந்த நான்கு கேஎஃப்சி கடைகள் அவர் கைக்கு வந்தன. நீண்டுகிடந்த மெனுவை வெட்டினார். கோழியையும் துணைக்குச் சிலவற்றையும் மட்டும் வைத்துக்கொண்டார். கடைகள் நிமிர்ந்தன. 1968-இல் அவற்றை நிறுவனத்துக்கே விற்றதில் அவர் லட்சாதிபதியானார். அடுத்த ஆண்டு சொந்தக் கடை திறந்தபோதும் ஹாம்பர்கர், சில்லி, உருளைக்கிழங்கு வறுவல், ஃப்ராஸ்டி என்ற குளிர் இனிப்பு, குளிர்பானம், அவ்வளவுதான். அந்தச் சில்லி என்ற இறைச்சிக் குழம்பிலும் ஒரு கணக்கு உண்டு. கல்லில் நேரம் கடந்துபோன பர்கர் இறைச்சியை உதிர்த்து அதில் சேர்த்துவிடுவார்கள். இறைச்சி வீணாவதில்லை, வாடிக்கையாளருக்கும் பழைய பர்கர் போவதில்லை.

ஒரு மாதம் ஐட்டம் வாரியாக விற்பனையை எழுதி வையுங்கள். நாளுக்கு ஐந்து தட்டுகூடப் போகாததை எடுத்துவிடுங்கள். முதலில் ஷவர்மாவைப் பாருங்கள்; வேகமாக விற்காத இடத்தில் அது ஆபத்தான சரக்கு.

கேள்வி: நாங்கள் தத்தெடுத்த மகளுக்கு ஏழு வயது. தாமஸும் தத்துப் பிள்ளை என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு அது எப்போது தெரிந்தது?
– பெயர் வெளியிட விரும்பாத தம்பதி, அண்ணா நகர்

பதில்: பதின்மூன்றாம் வயதில், பாட்டி சொல்லி. அவ்வளவு காலம் மறைத்தது அவரைப் பெரிதும் காயப்படுத்தியது. ஆனாலும் அந்தக் காயத்தை நல்ல காரியமாக்கினார். வீடு கிடைக்காத குழந்தைகளுக்கு வீடு தேடித் தரும் அறக்கட்டளையை 1992-இல் தொடங்கினார். நம் ஊரில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும் அதே ஆண்டுதான்.

உங்கள் மகளுக்கு இப்போதே சொல்லுங்கள். உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் யாரோ ஒருவர் வாயிலிருந்து அது அவள் காதில் விழக் கூடாது.

கேள்வி: மகள் பெயரில் டிபன் கடை திறக்கலாமா?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: மெலிண்டா லூ என்ற தன் மகளை வீட்டில் அழைத்த 'வெண்டி' என்ற பெயரைத்தான் தாமஸ் கடைக்கு வைத்தார். அது உனக்குப் பெரிய சுமையாகிவிட்டது என்று பின்னாளில் மகளிடம் வருத்தம் தெரிவித்தார். உங்கள் மகளுக்கு விவரம் தெரியும் வயதென்றால் அவளிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். கைக்குழந்தை என்றால் வேறு பெயர் வையுங்கள்.